ஒரு ரொட்டியைப் பிட்டு உண்டவர்கள்

இந்த இரங்கல் கூட்டத்தின் தலைவர், பெரியவர் சங்கிலிமுத்து அவர்களே! ஆனைக்குட்டத்துச் சான்றோரே! வெடிமருந்து படிந்த விரல்களோடு வேனை விட்டு இறங்கியதும் வந்தமர்ந்த தாய்மாரே! மகளைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் குருவம்மாள் அம்மையே! அனைவரையும் வணங்குகிறேன்.

ஆங்கில வாத்தியார் நான். ஆங்கிலச் சொல் ஒன்றோடு வந்திருக்கிறேன்: கம்பெனி!

கம்பெனி வேன், கம்பெனி போனஸ், கம்பெனி லீவு என்று பொழுதெல்லாம் சொல்கிறோமே, அச்சொல் பிறந்தது எங்கே? லத்தீனில் 'கும்' என்றால் 'கூட'. 'பானிஸ்' என்றால் ரொட்டி. ஒரு ரொட்டியைப் பிட்டு ஒன்றாய் உண்டவர்களே கம்பெனி! பின்பு அது நட்புக்குப் பெயரானது, படைக்குப் பெயரானது, வணிகக் கூட்டத்துக்குப் பெயரானது.

யாரய்யா அது, "பாடம் நடத்தாதீக சார்" என்பது? இதோ, விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் பட்டாசுக் கம்பெனியில் வெடித்துச் சிதறிய அறையில் கருகியவள் குருவம்மாளின் மகள் மாரிசெல்வி. நிர்வாகம் என்ன சொல்கிறது? "அவள் எங்கள் கம்பெனி ஆளே இல்லை, யாரையோ பார்க்க வந்த பெண்!" நாளை அதிகாரிகளின் விசாரணை. இந்தத் தாய் கேட்பது என்ன? "எம்புள்ள அங்கன வேலை பாத்தாள்னு ஒருத்தராச்சும் சொன்னாப் போதும் சார்."

தாய்மாரே! வேப்பமரத்தடியில் வட்டமாய் அமர்ந்து அவளோடு உண்டவர்கள் நீங்கள்தானே? அவள் கருவாட்டுக் குழம்புக்குக் கை நீட்டியவர்கள் நீங்கள்தானே? எழுந்து சொல்லுங்கள், "அவ எங்க கூடத்தான் இருந்தா" என்று!

ஒருவருமில்லையா?

செல்வலட்சுமி, அவள் பக்கத்திலேயே அமர்ந்து வேலை செய்தவள் நீ. ஏன் தலை குனிகிறாய் தாயே?

"சொன்னா நாளைக்கு கம்பெனி கேட்டுக்குள்ள விடமாட்டாக சார். எம்புள்ளைக சோத்துக்கு என்ன செய்யும்?"

கேட்டீர்களா? கூடி உண்டவர்களின் வாயை அதே சோற்றைக் காட்டியே அடைத்துவிட்டார்களே! இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தும் நமக்கு விடியவில்லையே! யாரை நோவது? எங்கே போய் முறையிடுவது?

என்னம்மா குருவம்மாள்? எழுந்துவிட்டீர்களே... மெல்லச் சொல்லுங்கள், ஒலிபெருக்கியில் நானே சொல்கிறேன்.

"அவள வையாதீக சார். எம்மவளோட ஒண்ணாச் சாப்பிட்ட புள்ள அது. பட்டினி கெடக்க வேணாம். நாளைக்கு விசாரணைக்கு நான் மட்டும் போறேன்."

என் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். வந்தவர்களுக்கு நன்றி. அந்தத் தாய்க்கு என் வணக்கம்.