செம்பனைக் கரியும் டெங்கில் கிணறும்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் கமலநாதன் அவர்களே! இந்த பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! சாலாக் செலாத்தானிலிருந்து ரயிலேறி வந்த தாய்மார்களே! வேதியியல் ஆய்வாளர் எவலினின் நன்றி நிறைந்த வணக்கம்!

விருதை என் கையில் தந்தீர்கள். வெற்றி யாருடையது? சொல்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன், லோகேஸ்வரி என்ற அக்கா ஒரு போத்தல் தண்ணீரோடு என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். டெங்கில் ஊர்ப் பக்கம், எண்ணெய் தரும் செம்பனைத் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிப்பவர். குழாய்த் தண்ணீர் நின்றால், அங்கே பதினெட்டு வீடுகளுக்கும் ஒரு கிணறுதான் கதி. சோதித்தேன். பூச்சிக்கொல்லி இருந்தது.

"இது நான் அடிச்ச மருந்து, டாக்டர். எப்படி எடுக்கறதுன்னு சொல்லுங்க" என்றார்.

என்னிடம் ஒரு கரும்பொடி இருந்தது. செம்பனைக் கொட்டையின் ஓட்டைக் கரியாக்கி, கண்ணுக்கே தெரியாத இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை அதில் பதித்த பொடி. தண்ணீரில் கலந்தால் நஞ்சு கரியில் ஒட்டும். காந்தத்தைக் காட்டினால் கரி நஞ்சையும் சுமந்துகொண்டு ஓடிவரும்!

கைதட்டுகிறீர்களா? பொறுங்கள்! ஆய்வுக்கூடத்தில் வென்ற பொடி, அந்தக் கிணற்றுத் தண்ணீரிடம் தோற்றது. ஒருமுறையா? ஐந்து முறை! முயற்சியையே கைவிட நினைத்தேன். அப்போது கிணற்றுத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பீப்பாயை எட்டிப் பார்த்த அக்கா கேட்டார்:

"உங்க லேப் தண்ணி பளிங்கு மாதிரி. எங்க தண்ணி தேத்தண்ணி மாதிரி பழுப்புக் கலரு லா! அந்தக் கலரே மொதல்ல கரியில ஒட்டிக்கிட்டா, மருந்துக்கு எடம் ஏது?"

வெட்கத்தில் தலைகுனிந்தேன், அன்பர்களே! படித்த நான் மறந்ததை, பார்த்த அவர் சொன்னார். சதுப்பு மண்ணின் பழுப்பைப் படிகாரமிட்டுத் தெளியவைத்தோம்; வடிகட்டினோம்; பிறகு பொடியைக் கலந்தோம். நஞ்சு கருவிக்கே அகப்படவில்லை!

நான் துள்ளினேன். அக்கா துள்ளவில்லை.

"மழை பேஞ்சா தோட்டத்து மருந்தெல்லாம் கிணத்துல எறங்குமே. அப்பவும் பார்த்துட்டுச் சொல்லுங்க."

பதினொரு மாதம்! ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் மோட்டார் சைக்கிளில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் பொடி தேறியது.

சென்ற மாதம் குழாய் நான்கு நாள் நின்றது. கிணற்றடியில் கூடியவர்கள் தயங்கினார்கள். பொடியிட்டுச் சுத்தமாக்கிய தண்ணீரில் முதல் குவளையை அக்கா என்னிடம் நீட்டினார். "நீங்க குடிங்க, டாக்டர்."

குடித்தேன். பதினெட்டு வீட்டு வாளிகளும் நிறைந்தன!

தோற்றபோது துணை நின்றவருக்கு நன்றி! வென்றபோதும் விடாமல் கேள்வி கேட்டவருக்கு நன்றி! அதோ, மூன்றாம் வரிசை... எழுந்து நில்லுங்கள், அக்கா! இப்போது தட்டுங்கள், உறவுகளே, மண்டபம் அதிரத் தட்டுங்கள்!

உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும்!