ஆஸ்பத்திரி மொட்டை

கொட்டாவி விடுற அண்ணாச்சி... கொஞ்சம் வாயை மூடிக்கங்க, ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன்.

நம்ம ஊர்ல பூவராகன்னு ஒரு பாத்திரக்கடைக்காரர். வருஷத்துக்கு மூணு மொட்டை போடுவார். அதுல ஒரு பெருமை வேற... எந்தத் தலையைப் பார்த்தாலும் எந்தக் கோயில் மொட்டைன்னு சொல்லிடுவாராம்! "காதுக்குப் பின்னால நாலு முடி நிக்குதா? கூட்டமான நாள்ல போட்டது"ம்பார். கடையில ஈ ஓட்டுற வியாபாரம், வேற வேலை?

ஒருநாள் பழனிக்குப் போக ரயில் ஏறுறார். எதிர் சீட்டுல ஆறு வயசுப் பொண்ணு, மிதுனா. பளபளன்னு மொட்டை. இவர் எட்டிப் பார்க்கிறார்... குனிஞ்சு பார்க்கிறார்... ஒரு கீறல் இல்ல, ஒரு முடி இல்ல! மனுஷன் ஆடிப்போயிட்டார்.

"பாப்பா, எந்தக் கோயில்மா இது? நானும் அங்கயே போட்டுக்கறேன்!"

"இது ஆஸ்பத்திரி மொட்டை மாமா."

அம்மாக்காரி மெதுவா சொல்றாங்க. "கிட்னியில கேன்சருங்க. ஒரு கிட்னியை எடுத்துட்டாங்க. மருந்துல முடி கொட்டிருச்சு. நோவு திரும்பி வந்துடுமோன்னுதான் பயமா இருக்கு."

பூவராகனுக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. சன்னல் பக்கம் திரும்பிட்டார். புள்ள விட்டாளா?

"மாமா, மொட்டை போட்டா உண்டியல்ல காசு போடணும்ல?"

"ஆமா கண்ணு..."

"நாங்க போடவே இல்ல. எனக்காக நீங்க போடுறீங்களா?"

"போடுறேன்டா தங்கம்! எந்தச் சாமிக்கு?"

"சாமிக்கு இல்ல. ஆஸ்பத்திரியில ஒரு அக்கா மைக்ராஸ்கோப்புல பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இந்த நோவு திரும்பி வராம இருக்க மருந்து தேடுறாங்க. அதுல முடியும் கொட்டாதாம்!"

பூவராகன் மடியில பழனிக்கு முடிஞ்ச மஞ்சத்துணி இருக்கு. அது முருகனோடது, தொட முடியாது. என்ன பண்ணார்? தோள்ல கிடந்த மஞ்சத் துண்டைப் பர்ருன்னு கிழிச்சார். பையில இருந்த காசை அள்ளி அதுல முடிஞ்சார். "முருகா, இது அந்த அக்காவுக்கு... கோவிச்சுக்காதே!"

அய்யா, அம்மா... குழந்தைங்களுக்கு வர்ற கிட்னி கேன்சரைப் பத்தின ஆராய்ச்சிக்குத்தான் இந்தக் கூட்டம். உங்க யாரையும் நான் மொட்டை போடச் சொல்லல! கேட்டா மட்டும் போட்டுடவா போறீங்க? ஆனா யாருமே கேக்காம, வேண்டுதலும் இல்லாம, அந்தப் பிஞ்சுங்க தலை மொட்டையாகுதே... எனக்குத் தாங்கலய்யா.

அதோ, உண்டியலைத் தூக்கிட்டு வர்றார் பாருங்க... பூவராகன்தான், அந்தப் பழனி மொட்டைத் தலையோட!

முடியைக் குழந்தைங்க குடுத்தாச்சு. காணிக்கையை நாம போடுவோம்.