பகல் சங்கு

ஓடுகிறேன். காலுக்கடியில் உப்பு வழுக்குகிறது. பின்னால் சங்கு ஊதுகிறது. செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே முக்கால்.

நாங்கள் மூன்று பேர். நான், என் தம்பி சேகர், மேஸ்திரி இக்பால் பாய். அண்ணன் தம்பி நாங்கள் ஆம்பூர். பாய் வாணியம்பாடி. வளைகுடாத் துறைமுகம் ஒன்றின் தோல் மண்டியில் உப்புத்தோலைத் தரம் பிரித்தோம். தோல் எதிர்க்கரை நாட்டிலிருந்து வரும். கொண்டு வருபவர் அந்த நாட்டுப் படகோட்டி ரெஜா. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். மகளுக்கென்று ஆம்பூர்ச் செருப்பு கேட்டு வாங்கிப் போனவர்.

பிறகு இந்தக் கரை நாடுகள் சேர்ந்து பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டன. ஒருவரை அடித்தால் எல்லாரையும் அடித்த மாதிரி. நல்ல ஏற்பாடு என்று நானும் சொன்னேன். மடையன். மண்டிக்குப் பின்னால் ஏவுகணை வண்டிகள் வந்து நின்றன. எதிர்க்கரை பகையானது. ரெஜாவின் படகைப் பிடித்தார்கள். அவரை மண்டி முற்றத்திலேயே கம்பிக் கூண்டில் பூட்டினார்கள். பாய் தினமும் கம்பி வழியே ரொட்டி நீட்டுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சங்கு ஊதியது. ஆம்பூரில் பகல் சங்கு என்றால் சாப்பாடு. தூக்குச்சட்டியோடு வெளியே வர வேண்டும். ஷூ கம்பெனியில் சேகரை அப்படிப் பழக்கியதே நான்தான். அவன் சட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு நடந்தான். நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

காவலாளி கூண்டுச் சாவியோடு தப்பி ஓடுவதைப் பார்த்தேன். இது ஏவுகணை வரும் சங்கு என்று அப்போதுதான் உறைத்தது. ரெஜா கூண்டுக்குள்ளிருந்து கத்தினார். எங்களிடம் கற்ற தமிழ்.

"உள்ள போ! சேகர், உள்ள போ!"

சேகர் நின்றான். சிரித்தான்.

"இன்னாண்ணா?"

பாய் தோல் இழுக்கும் இரும்புக் கொக்கியோடு கூண்டுக்கு ஓடினார். பூட்டை அடித்தார். என்னைப் பார்த்துக் கத்தினார்.

"நீ போடா, நான் வர்றேன்!"

போனேன். தனியாக. தம்பியைக் கூப்பிடக்கூட இல்லை. வெட்கமாக இருக்கிறது, எழுதுகிறேன்.

நீளமாக ஒரு சீறல். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு வெடித்தது. இடது காது அன்றோடு போயிற்று.

சாயங்காலம் ரேடியோவில் அறிக்கை. அரபு தெரிந்த ஒருவர் சொன்னார். கூட்டணி நாடுகள் ஒன்றாக நிற்கின்றனவாம். குடிமக்கள் ஒருவருக்கும் சேதமில்லையாம். எதிரி நாட்டான் ஒருவன் செத்தானாம். எங்களவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

செத்தவர்களை நான் எண்ணுகிறேன். சேகர், வயது இருபத்து மூன்று. சட்டி மூடி திறக்கவில்லை. இக்பால் பாய், கையில் கொக்கி. ரெஜா, அவர் சொந்த நாடு ஏவிய ஏவுகணையாலேயே. பூட்டு உடைந்திருந்தது. கூண்டுக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

மூன்று பேர். ஓடியவன் மிச்சம்.