முதுகில் இருப்பது குட்டியல்ல

விருத்தாசலத்தில் சேத்தியாத்தோப்பு பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் மடியில் செய்தித்தாள் சுற்றிய பீங்கான் ஆமை. அதன் முதுகில் இன்னொரு சின்ன ஆமை. மூத்தவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கேட்டார்.

“ஏன்டி, இது ஆம்பள ஆமையா பொட்ட ஆமையான்னு கேட்டு வாங்கினியா?”

“தாயும் குட்டியும்க்கா. மருமவ ரூம்புல வச்சா புள்ள தங்கும்னு கடைக்காரன் சொன்னான். கல்யாணமாயி மூணு வருசமாவுது, அவ வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல.”

“எங்க நாத்தனா வூடு கடற்கரையில இருக்குது, நான் பாத்திருக்கேன். ஆமை மண்ணுல முட்டைய போட்டு மூடிட்டு கடலுக்குப் போயிடும். குட்டி மூஞ்சியவே அது பாக்காது. இதுல எங்க முதுவுல தூக்கி வச்சிக்கிறது?”

“அப்ப மேல இருக்குறது?”

“புருசன். கடல்ல அப்பிடித்தான் சேருமாம்.”

இளையவர் செய்தித்தாளை இழுத்து ஆமைகளை அவசரமாக மூடினார்.

“உம்மவன் எப்ப சவுதிக்குப் போனான்?”

“கல்யாணம் முடிஞ்ச அந்த மாசமே போனவன்தான். இன்னும் லீவு குடுக்கலியாம்.”

“ஒரு தடவகூட வரலியா?”

“இல்லக்கா.”

“ஆமைக்கே ரெண்டும் ஒரே தண்ணியில கெடந்தாதான் முட்டை. நீ அவன அங்க வுட்டுட்டு, இங்க இருக்கறவளுக்கு பொம்ம வாங்கினு போற.”