அடுத்த ஸ்டாப் வரைக்கும்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்களில் ஒருவர் திடீரென்று சொன்னார்.

"அந்தத் துப்பறியிற படம் இனிமே எங்க வூட்ல ஓடாது."

"ஏம்பா? அந்த ஆளு வேஷம் போட்டுக்கினு பின்னாடியே போயி மாட்டிக்கிறது நல்ல காமெடியாச்சே!"

"நானும் அப்டித்தான் போனேன், மருமவ பின்னாடி. வாரா வாரம் எங்க போறாளோன்னு சந்தேகம். கொளுத்துற வெயில்ல குரங்கு குல்லா மாட்டிக்கினு, அவ ஏறுன பஸ்லயே கடைசி சீட்ல குந்திக்கினேன்."

"அப்பால?"

"கண்டக்டர் டிக்கெட்ட நீட்டுறான். 'முன்னாடி கீற அக்கா உங்களுக்கு எடுத்துட்டாங்க'ன்றான். பொம்பளைங்களுக்குத்தான் இலவசமாச்சே. எனக்கு மட்டும் காசு குடுத்துக்கீறா."

"எதுவரைக்கும்?"

"அடுத்த ஸ்டாப் வரைக்கும்."

கேட்டவர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

"எறங்கி நடந்தே வூட்டுக்கு வந்துட்டேன். அவ யார்கிட்டயும் சொல்லல. நேத்து டிவில அந்தப் படம். அவன் ஒட்டுமீசையோட பஸ் ஏறுனதும் வூடே சிரிக்குது. அவதான் எழுந்து வந்து, என் பக்கம் திரும்பாமலே, சேனல மாத்திட்டா."