எத்தனை தடவை தாங்கும்

தாங்குமா?

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அவர்களே, மேடையில் உள்ள பேராசிரியர்களே, பேராசிரியரின் துணைவியார் சாரதாமணி அக்கா அவர்களே, பரமத்தி வேலூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, மாணவர்களே, வணக்கம். பதில் தெரியாத கேள்வியோடு இரங்கல் உரையைத் தொடங்கக் கூடாதுதான். ஆனால் பேராசிரியர் சென்னிமலை அவர்கள் விட்டுப்போனது இந்தக் கேள்வியைத்தான். அதைக் கேட்டவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் திரு. சிவக்குமார். அவருடைய அனுமதியோடு பேசுகிறேன்.

அவர் மகள் யுவஸ்ரீக்கு இருபத்திரண்டு வயது. இடுப்பெலும்பில் கட்டி. அந்தப் பகுதியை வெட்டி எடுத்தாக வேண்டும். ஆயத்தமாகக் கிடைக்கும் எந்த உலோகத் துண்டும் அங்கே பொருந்தாது. அவள் உடம்பின் அளவுக்கே டைட்டானியத்தில் அச்சிட்டுப் பொருத்தினால் கால் மிஞ்சும். இல்லையென்றால் காலையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அறுவை சிகிச்சைக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது. அதற்குள் அந்த உலோகத்துக்கு எங்கள் ஆய்வகம் சான்று தர வேண்டும்.

கெட்டியான டைட்டானியம் எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பானது. உடம்பின் பாரத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். வேலை இல்லாத எலும்பு மெலிந்துபோகும். அதனால் டைட்டானியப் பொடியை லேசர் ஒளியால் அடுக்கடுக்காக உருக்கி, கடற்பஞ்சு போலத் துளைகள் விட்டு அச்சிடுகிறோம். விறைப்பு எலும்பின் அளவுக்கு இறங்குகிறது. துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் துளைகளுக்கு நடுவே நிற்கும் கம்பிகள் பென்சில் முனையைவிட மெல்லியவை. உருகாத பொடி ஏதாவது ஒரு கம்பியில் ஒட்டியிருந்தாலும் விரிசல் அங்கே தொடங்கலாம்.

சிவக்குமார் முதல்முறை ஆய்வகத்துக்கு வந்தபோது சோதனைக்காக அச்சிட்ட துண்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "எத்தன டன்னு தாங்குமுங்க?" என்று கேட்டார். நம் ஊரில் வேறு எப்படிக் கேட்பார்கள்? நாங்கள் சிரித்தோம். சென்னிமலை சார் சிரிக்கவில்லை.

"நீங்க கட்டற லாரி ஒரே லோடுலயா ஒடையுது?"

"இல்லீங்க. ஓடி ஓடித்தானுங்க சேசிஸ்ல விரிசல் உடுது."

"அப்ப டன்னு கேக்காதீங்க. எத்தன தடவைன்னு கேளுங்க."

அன்று சிரித்த நான்தான் பிறகு அதே தவறைச் செய்தேன். துண்டை ஒருமுறை அழுத்திப் பார்த்தேன். தேவையைப் போல மூன்று மடங்கு பாரத்துக்கு அசையவில்லை. அறிக்கையில் 'தாங்கும்' என்று எழுதி அவர் கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் அந்த ஒரு சொல்லை மட்டும் சிவப்பு மையில் அடித்தார். "பிஎச்.டி. வாங்கியும் லாரிக்காரர் கேள்வியையே கேக்கறீங்களே அம்மிணி? இது ஒருக்காத் தாங்குச்சு. அந்தப் புள்ள ஒருக்கா எந்திரிச்சு நடந்தாப் போதுமா?"

ஐம்பது லட்சம் தடவை அழுத்தி எடுக்க வேண்டும் என்றார். அதுவரை தாங்கினால், அதற்குள் துளைகளில் வளர்ந்த எலும்பு பாரத்தில் பங்கு வாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. நொடிக்குப் பத்து தடவை. ஆறு நாள் ஆகும். நாள்களை வீணாக்குகிறீர்கள் என்று சண்டை போட்டேன். நான் அவரோடு போட்ட கடைசிச் சண்டை அது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரே துண்டைப் பூட்டி இயந்திரத்தை ஓடவிட்டார். சனிக்கிழமை காலை கல்லூரிப் பேருந்தில் ஏறியவர், இறங்கவில்லை.

துக்கத்துக்கு எல்லா ஆய்வகங்களையும் மூடச் சொன்னார்கள். எங்கள் ஆய்வக உதவியாளர் பூபதி சுவிட்சில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். சார் போன அன்றைக்கு மெஷின் ஓடினால் ஊர் என்ன பேசும் என்று கேட்டார். பிறகு சார் வீட்டுக்குப் போய் அக்காவிடமே கேட்டார். அழுதுகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, "அவரு பூட்டுனத ஆரும் நிறுத்த வேண்டாஞ் சாமி" என்றார்.

அது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே வருவதற்கு முன் பார்த்தேன். முப்பத்தேழு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இப்படிப்பட்ட மனிதரை இனி எங்கே தேடுவோம்? நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோதும் ஒரு சொல்லை அடிக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? எனக்கு வரவில்லை. அவர் எங்கிருந்தோ நம்மை வழிநடத்துவார் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் இல்லை, அவ்வளவுதான். இனி அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒன்று மட்டும் இந்த அவையில் உறுதி சொல்கிறேன். எத்தனை தடவை என்ற எண் பக்கத்தில் இல்லாமல் 'தாங்கும்' என்ற சொல் இனி எங்கள் ஆய்வகத்திலிருந்து வெளியே போகாது. சிவக்குமார், உங்களுக்கு நல்ல பதில் வருமா என்று எனக்குத் தெரியாது. உண்மையான பதில் வரும்.

திங்கட்கிழமை பேசியது இவ்வளவுதான். துறை மலருக்காக எழுதிக் கொடுக்கும்போது மறுநாள் நடந்ததையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்குத் துண்டு உடைந்தது. நாற்பத்து மூன்று லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் தடவை. பொடி ஒட்டியிருந்த ஒரு கம்பியின் அடியில் விரிசல் தொடங்கியிருந்தது. 'தாங்கவில்லை' என்று எழுதி, பக்கத்தில் எண்ணையும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

சிவக்குமாருக்கு நானே போன் செய்தேன். "எத்தன தடவைங்க மேடம்?" என்றார். சொன்னேன். நடக்கும்போது ஒரு காலுக்கு வருடத்துக்குப் பத்து லட்சம் தடவை பாரம் விழும் என்று சார் அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்.

"நாலரை வருசங்கூட இல்லீங்களே. இருவத்தாறு வயசுல மறுபடியும் அறுக்கறதுங்களா?"

எதிரே பூபதி, ஒட்டிய பொடி போக அடுத்த துண்டை அமிலத்தில் கழுவிக்கொண்டிருந்தார். அதைப் பூட்ட மறுநாள் காலை ஆகும். அறுவை சிகிச்சைக்கு இருபத்தாறு நாள் இருந்தது.