ஜெபம் பண்ணுன வண்டி

— நாற்காலி வேணாம் ஐயரே, நான் உக்கார வரல. எம்மகன் திலீபன் அன்னிக்கு உங்க முன்னாடி நின்னு, பிரேக்கு பிடிக்கலைன்னு சொன்னானா, சொல்லலையா? அத மட்டும் சொல்லுங்க பாப்போம்.

— பாக்கியம்மா, மெதுவா. இன்னும் கொஞ்ச நேரத்துல ஆராதனை. அறுப்பின் பண்டிகையும் அதுவுமா இப்படி சபை ஐயர் ரூமுக்குள்ள வந்து நின்னுக்கிட்டு...

— மெதுவாப் பேசுனா உங்களுக்குக் கேக்குமா? சன்னலுக்கு வெளிய அந்த ஜெனரேட்டரு கெடந்து அலறுது.

— அப்ப கிட்ட வாங்க. பாத்து, பாத்து. மைக் வயரை இப்பத்தான் அங்கிக்குள்ள சொருகினேன், கை பட்டு இழுத்துராதீங்க. ம், சொல்லுங்க.

— நான் சொல்லியாச்சு. இனி நீங்கதேன் சொல்லணும்.

— பாருங்கம்மா. மூணு உயிர் போயிருக்கு. எனக்கு மட்டும் வேதனை இல்லையா? யுவராணிக்கு அடக்க ஆராதனை நான்தானே நடத்தினேன். சந்தனம்மாள் வீட்டுக்கும் ராக்கம்மாள் வீட்டுக்கும் போயி, அவங்க வேற சாமி கும்பிடுறவங்களா இருந்தாலும், ஆறுதல் சொல்லிட்டு வந்தேன்.

— செத்தவுகளப் பாத்தீக, சரி. இருக்குறவன? மூணு பொம்பளைகளக் கொன்னவன்னு பேரக் கட்டி செயிலுக்குள்ள உக்கார வச்சிருக்காக. கஞ்சிய வாயில வைக்க மாட்டேங்குறான் ஐயரே. போன வாரம் பாக்கப் போனேன். “அம்மா, இனிமே வராத, என்னிய மறந்துரு”ன்னு சொல்லிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டான். மூஞ்சியக் காட்டல.

— அதான் வக்கீல் வச்சிருக்கீங்களே. கோர்ட் பாத்துக்கும்.

— வக்கீலு சொன்னதக் கேட்டுட்டுத்தேன் இங்கன வந்து நிக்கிறேன். “டிரைவரு குடிச்சிருந்தான், என்னியக் கேக்காம ஜீப்ப எடுத்துட்டு மலைக்குப் போயிட்டான்”னு வண்டி மொதலாளி தங்கபாண்டி எழுதிக் குடுத்துட்டாராம். அது பொய்யின்னு சொல்ல ஒரு ஆளு வேணுமாம். ஒரு ஆளுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? அன்னிக்கு வண்டிகிட்ட நின்னது மூணே பேரு. எம்மகன், தங்கபாண்டி மொதலாளி, நீங்க.

— தங்கபாண்டி அண்ணனும் வேணும்னு செய்யலம்மா. அவர் நெலமை அப்படி.

— என்ன நெலமை? ஏலக்காய்த் தோட்டம் இருக்கு, போடியில கடை இருக்கு, இந்தக் கோயிலுக்கு அப்பா பேருல கோபுரம் கட்டிக் குடுத்திருக்காரு, இன்னிக்குப் பிரதிஷ்டை. எம்மகன் குடிச்சானாமே! அவன் வாயில பட்டதெல்லாம் நீங்க திருவிருந்துல குடுத்த திராச்சை ரசந்தேன் ஐயரே. அதயும் ஒரு சொட்டு நக்கிட்டு மூஞ்சியச் சுளிப்பான். குடிகாரனாம்ல.

— குடிக்க மாட்டான். எனக்குத் தெரியும்.

— தெரியும்ல? அத வெளிய சொல்லுங்க.

— பாருங்கம்மா, நீங்க நினைக்கிற மாதிரி அது அவ்வளவு லேசு இல்ல.

— சரி, நான் ஒவ்வொண்ணாக் கேக்குறேன். ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. காய் எடுப்பு ஆரம்பிக்கிற அன்னிக்கு, வருசா வருசம் பண்றாப்புல, தோட்டத்து வண்டிகள கோயில் வாசல்ல வரிசையா நிப்பாட்டி ஜெபம் பண்ணுனீக. ஆமாவா?

— ஆமா.

— எம்மகன் ஓட்டுற ஜீப்பு கடைசி வண்டி. முன்னாடி வண்டிக கிளம்பிப் போயிருச்சு. பானெட்டுல எண்ணெயத் தொட்டு செலுவ போட்டீக.

— போட்டேன்.

— அப்ப அவன் என்ன சொன்னான்? உங்க வாயால சொல்லுங்க பாப்போம்.

— பாக்கியம்மா...

— கேக்கல, சத்தமாச் சொல்லுங்க.

— “மொதலாளி, பிரேக்கு மிதிச்சா தரையோட போகுது. மேல ஏறிட்டாலும் எறங்கும்போது நிக்காது. இன்னிக்கு ஒரு நா ஒர்க்‌ஷாப்புல விட்டுட்டுப் போறேன்”னு சொன்னான். சொன்னான்மா. போதுமா?

— போதாது. மொதலாளி என்ன சொன்னாரு?

— அதை எதுக்கு இப்ப...

— நானே சொல்லவா? “ஐயரு கைய வச்சு ஜெபம் பண்ணிட்டாருல்ல, பெறகென்ன பிரேக்கு? கர்த்தர் பாத்துக்குவாரு. அங்கன ரோட்டுல பொம்பளைக காத்துக் கெடக்காக, ஏத்திட்டுப் போ.” நெசந்தானா?

— நெசந்தான்.

— அதுக்கு நீங்க என்ன சொன்னீக?

— மணி அடிக்கிற நேரமாச்சும்மா.

— எம்மகன் உங்க மூஞ்சியத்தான் பாத்தானாம். “ஐயரு ஒரு வார்த்த சொன்னா மொதலாளி கேட்டுக்குவாருன்னு பாத்தேன்மா”ன்னான் எங்கிட்ட. என்ன சொன்னீக ஐயரே?

— ஆமென்னு சொன்னேன்.

— ஆமென்னு சொன்னீக.

— சிரிச்சுக்கிட்டுத்தான்மா சொன்னேன். அவர் ஒரு பேச்சுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன். நானும் ஒரு பேச்சுக்கு... இந்த மூணு மாசமா எனக்குத் தூக்கம் இருக்குன்னா நெனைக்கிறீங்க? கண்ணை மூடினா அந்த ஒரு வார்த்தைதான்மா கேக்குது.

— அவன் அத நம்பிட்டான் ஐயரே. அதுதேன் என் வகுத்தெரிச்சல். மொதலாளி சொன்னதுக்கு அவன் வண்டிய எடுக்கல. நீங்க ஆமென்னு சொன்னதுக்கு எடுத்தான். ஏறயில ஒண்ணும் ஆகல. சாயங்காலம் காய் எடுத்துட்டு எறங்கும்போதுதேன், கம்பம்மெட்டு வளைவுல வண்டி கேக்கல. அப்பக்கூட எல்லாரையும் குதிக்கச் சொல்லிக் கத்திருக்கான். யுவராணி குதிக்கலையாம், ஜெபம் பண்ணுன வண்டி, ஒண்ணும் ஆகாதுன்னாளாம்.

— சொல்லாதீங்கம்மா.

— அந்த ஜீப்ப ஸ்டேஷன் பக்கத்துல போட்டு வச்சிருக்காக, போய்ப் பாருங்க. எல்லாம் நொறுங்கிப் போச்சு, பானெட்டு மட்டும் முழுசா இருக்கு. நீங்க போட்ட எண்ணெயில தூசி ஒட்டி, செலுவ நல்லாக் கறுப்பாத் தெரியுது. போறவாறவுக அதத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறாக. ஆத்தாடி, எனக்கு அங்கன நிக்க முடியல.

— கர்த்தர் நியாயந்தீர்ப்பார் பாக்கியம்மா. மனுஷன் தப்பலாம், அவர் கைக்கு யாரும் தப்ப முடியாது. அந்த நாள்ல எல்லாம் வெளிச்சத்துக்கு வரும்.

— கர்த்தரு தீர்க்கட்டும், அது அவரு வேலை. சாட்சி சொல்றது உங்க வேலை. ரெண்டையும் அவரு தலையில கட்டாதீக. அந்த நாள் வாரதுக்குள்ள எம்மகன் உள்ளயே செத்துருவான்.

— கோர்ட்டுக்கு நான் வர முடியாதும்மா. ஐயர் சாட்சி சொல்லப் போனார்னு ஆச்சுன்னா, மேல இருந்து மறுநாளே மாத்தல் வந்துரும். தங்கபாண்டி அண்ணன் சபைக் கமிட்டியில செயலாளர். எம்பிள்ளைங்க படிப்பு இருக்கு. நான் கோழைதான், ஒத்துக்கிறேன்.

— கோர்ட்டுக்கு வர வேணாம். சரியா? வேணாம். இன்னிக்குப் பிரசங்கத்துல சொல்லுங்க. இப்ப எங்கிட்ட சொன்னீகள்ல, அத அப்படியே சனத்துக்கு முன்னாடி சொல்லிட்டு எறங்குங்க. மத்தத சனம் பாத்துக்கும்.

— ஜனம் என்ன பாத்துக்கும்?

— என்ன ஐயரே இப்படிக் கேக்குறீக? நம்ம சனம் நல்ல சனம். தெரியாம இருக்காக. மொதலாளி சொன்னத நம்பிக்கிட்டு இருக்காக. எங்க வீட்டுக்காரரு தவறுனப்ப இந்தச் சபையே கூடி வந்து தூக்குச்சு, நான் ஒரு வேலைக்கும் எந்திரிக்கல. நெசம் இதுதேன்னு காதுல விழுந்துச்சுன்னா விட்டுருவாகளா? ஒருத்தரு எந்திரிச்சா போதும், அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுருவாக. பத்துப் பேரு வக்கீலுகிட்ட வந்து நின்னா மொதலாளியால என்ன பண்ண முடியும்?

— அதுக்குத்தான்மா பயப்படுறேன். இது வெளிய கேட்டுச்சுன்னா இன்னிக்குப் பண்டிகையே நடக்காது. யுவராணியோட அண்ணன் தம்பிகள் கோயிலுக்குள்ளதான் இருக்காங்க. தங்கபாண்டி அண்ணன் சட்டையைப் பிடிச்சிருவாங்க. சபை ரெண்டா உடைஞ்சிரும். அந்த ரத்தப்பழியும் என் மேலயா?

— உடையட்டுமே. பொய்ய வச்சு ஒட்டிக்கிட்டு நிக்கிறது எதுக்கு? போன லெந்து உபவாச நாள்ல நீங்கதானே பிரசங்கம் பண்ணுனீக? நியாயம் செய்யாதவுக நடத்துற பண்டிகைய ஆண்டவரு வெறுக்குறாரு, அவுக பாடுற பாட்டு அவருக்கு இரைச்சல் மாதிரின்னு. நான் பின்னாடி பாயில உக்காந்து அழுதுக்கிட்டே கேட்டேன். நம்ம ஐயரு எம்புட்டுத் தைரியமான மனுசன்னு நெனச்சேன்.

— பிரசங்கம் வேற, வாழ்க்கை வேறம்மா.

— இத மட்டும் அன்னிக்குச் சொல்லாம விட்டுட்டீக.

— சரி, வாங்க. முழங்கால் போடுவோம். திலீபனுக்காக நான் இப்ப ஜெபம் பண்றேன். மனசு சமாதானமாகும்.

— எந்த ஜெபம்? ஜீப்புக்குப் பண்ணுனீகளே, அதா?

— பாக்கியம்மா!

— வேணாம் ஐயரே. உங்க கைய எம்மகன் மேல வைக்காதீக. அவன் பட்டது போதும்.

— அப்ப நான் என்னதான் செய்யணும்?

— சொல்லணும். அதுக்குத்தேன் இங்கன வந்தேன். நானே போயி மேடையில ஏறிச் சொல்லிருவேன். யாரு கேப்பா? எலக்காய் பறிக்கிற பொம்பள, மகன் மேல உள்ள பாசத்துல ஒளறுறான்னு கையப் பிடிச்சு எறக்கி விட்டுருவாக. அங்கி போட்டவரு சொன்னாத்தேன் ஏறும். இந்தாங்க, இந்தக் கதவுக் கண்ணாடித் திரைய விலக்கி கோயிலுக்குள்ள ஒரு தடவ பாருங்க. பாருங்க ஐயரே.

— ஏன், என்ன?

— கோயிலு நெறைஞ்சு கெடக்கு. வாழைத்தாரு, கரும்பு, திராச்சைக் கூடை, மொதலாளி வச்ச ஏலக்காய் மூட்டை, பீடத்துல வைக்க எடமில்ல. ஆனா ஒருத்தரு வாயத் தொறக்கல பாருங்க. அம்புட்டுப் பேரும் தலையக் குனிஞ்சு உக்காந்திருக்காக. சின்னப் பிள்ளைககூட.

— ஆராதனைக்கு முந்தி மௌன ஜெபத்துல இருப்பாங்க. பண்டிகை நாள் இல்லையா.

— எம்புட்டுப் பக்தி. இந்தச் சனத்துக்கிட்ட நெசத்தச் சொல்ல உங்களுக்கு என்ன பயம்? ஒரே ஒரு தடவ சொல்லிருங்க ஐயரே. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்.

— எந்திரிங்க, எந்திரிங்கம்மா. என்னால முடியாது. அந்த மேடையில நின்னா தங்கபாண்டி அண்ணன் மொத வரிசையில என் மூஞ்சிக்கு நேரா இருப்பாரு. என் நாக்கு எழும்பாது. என்னை மன்னிச்சிருங்க. ஆண்டவராப் பாத்து எந்த வழியிலயாவது ஜனத்துக்குத் தெரிய வச்சாத்தான் உண்டு.

— அவரு என்னத்தத் தெரிய வைப்பாரு? அவருக்கு இருக்குறது உங்க வாய்தானே.

— கதவைத் தட்டுறாங்க. கண்ணைத் தொடைச்சுக்குங்க. யாரு?

— நாந்தேன் ஐயரே, கோயில்பிள்ளை விஜய்ராஜ்.

— மணி அடிக்கப் போகலையா? இந்தா வாரேன்னு சொல்லு.

— மணி இருக்கட்டும். மொதல்ல இடுப்புல இருக்குற அந்த டப்பாவ அமத்துங்கய்யா.

— எந்த டப்பா?

— மைக்கு. லைட்டு எரியுது பாருங்க. சவுண்டுக்காரன் எல்லாத்தையும் திறந்து வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டான். ஆத்தா உள்ள வந்ததுல இருந்து அம்புட்டும் கோயிலுக்குள்ள கேட்டுக்கிட்டு இருக்கு. கோபுரத்துல கட்டுன கொழாய் ஸ்பீக்கருலயும் கேட்டுச்சு, தெருவே நின்னு கேட்டுச்சு.

— ஐயோ! எல்லாமா? நான் சொன்னதுமா?

— பிரேக்கு, மொதலாளி சொன்னது, நீங்க ஆமென் சொன்னது, எல்லாந்தேன்.

— ஆண்டவரே! ஐயரே, பாத்தீகளா? உங்க நாக்கு எழும்பாதுன்னீக, அவரு எழுப்பிட்டாரு பாத்தீகளா? எஞ்சாமி! ஏப்பா விஜய்ராஜு, மறைக்காமச் சொல்லு, சனம் என்ன பண்ணுது?

— எந்திரிச்சு நிக்கிறாக ஆத்தா.

— எந்திரிச்சுட்டாகளா? எல்லாருமா?

— எல்லாருந்தேன். ஒருத்தருகூட உக்காரல.

— யுவராணி அண்ணன் தம்பிக?

— அவுகளுந்தேன்.

— நான் சொன்னேன்ல ஐயரே! நம்ம சனம் நல்ல சனம்னு சொன்னேன்ல! அழுகாதீக, இதுக்கு எதுக்கு அழுகுறீக? எம்மகன் வந்துருவான். விஜய்ராஜு, தங்கபாண்டி எங்க? ஓடிட்டாரா?

— இல்ல ஆத்தா, அவருதேன் மொத எந்திரிச்சாரு, பாட்டுப் புத்தகத்தக் கையில எடுத்துக்கிட்டு. அவரப் பாத்துட்டு மத்தவுக எந்திரிச்சாக. ஐயரே, நேரமாச்சாம், மொதப் பாட்டு எத்தனாம் நம்பருன்னு சபையில உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாக.